வாக்குத்தத்த அட்டையும் அட்வெந்து நாட்களும்: தேவன் உண்மையில் எதை வாக்களித்திருக்கிறார்?

தாமிரபரணிக்கரை:

அனைவருக்கும் கர்த்தரின் நாமத்தில் வாழ்த்துகள். நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள். கடந்த புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்ததும், தட்டில் வைத்திருந்த வாக்குத்தத்த அட்டைகளில் எங்கள் வீட்டுக்கென்று அம்மா ஒன்றை எடுத்தார்கள். எரேமியா 29:11 வந்தது: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." என் தம்பிக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்திற்கு மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. மாற்றுச் சிறுநீரகத்திற்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம். ஆகவே அந்த 'முடிவு' என்ன என்பதை யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அம்மா அந்த அட்டையைத் தம்பியின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டிவைத்தார்கள்.

ஆண்டு முடியப் போகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. இந்த ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட அட்வெந்து காலத்தின் முதல் வாரம் என்பதால், தேவன் வாக்குமாறாதவர் என்று எங்கள் சபைப் போதகரான ஐயர் பிரசங்கம் செய்தார். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் எங்களுக்கு எதைத்தான் வாக்களித்தார் என்பதே இப்போது எனக்குத் தெளிவாக இல்லை. வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், "உங்கள் விசுவாசத்தில் எங்கேயோ குறை இருக்கிறது" என்று தம்பியின் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறைக்கல்வி ஆசிரியர்:

இயேசுவுக்கே புகழ். சகோதரி, நான் கத்தோலிக்கன். எங்கள் வழிபாட்டு முறையிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன்.

திருவருகைக் காலத்தை, அதாவது நீங்கள் சொல்லும் அட்வெந்தை, கிறிஸ்து பிறப்புக்கு முன்னால் வரும் ஏற்பாட்டு வாரங்கள் என்று மட்டுமே பலரும் நினைக்கிறார்கள். டிசம்பர் முதல் தேதியே நட்சத்திரம் கட்டி, வீடுவீடாகப் பாடிச் செல்லும் கீதபவனிக்குக் கிளம்பிவிடுகிற நம் ஊர்ப் பழக்கமும் அதற்கு ஒரு காரணம். ஆனால் முதல் ஞாயிறன்று நாங்கள் வாசிக்கும் நற்செய்தியில் மாட்டுத்தொழுவம் இல்லை. மத்தேயு, மாற்கு, லூக்கா என்று மூன்றாண்டுச் சுழற்சியில் எந்த ஆண்டை எடுத்தாலும், அன்று வருவது மானிட மகனின் இரண்டாம் வருகையைப் பற்றிய பகுதிதான். இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான் வருகிறார். நான்காம் ஞாயிறன்றுதான் அன்னை மரியாவும் யோசேப்பும் வருகிறார்கள். குருவானவர் ஊதா உடை அணிகிறார். புகழ்ச்சிப் பாடலான வானவர் கீதம் பாடுவதில்லை. ஆனால் தவக்காலத்தைப் போல் அல்லேலூயாவை நிறுத்திவிடுவதும் இல்லை.

இந்த அமைப்பை ஏன் விவரிக்கிறேன் என்றால், திருச்சபையின் வழிபாட்டாண்டே இன்னும் நிறைவேறாத ஒரு வாக்குறுதியை வாசித்துத்தான் தொடங்குகிறது. நிறைவேறாத ஒன்றோடு உங்கள் குடும்பம் இந்த நாட்களுக்குள் நுழைவது விசுவாசக் குறைவு அன்று. இந்தக் காலம் உங்களைப் போன்றவர்களுக்கென்றே அமைந்தது.

அக்கினிச்சுடர்:

ஸ்தோத்திரம். மாற்றுக் கருத்தை அன்போடு வைக்கிறேன். நாங்கள் அட்வெந்து அனுசரிப்பதில்லை. "நாட்களையும் மாதங்களையும் காலங்களையும் வருஷங்களையும் பார்க்கிறீர்களே" என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதியதை எங்கள் சபையில் அப்படியே எடுத்துக்கொள்கிறோம். அது இருக்கட்டும்.

என்னுடைய கவலை வேறு. எல்லா வாக்குத்தத்தத்தையும் கடைசி நாளுக்கென்று ஒத்திவைத்துவிட்டால், இன்றைக்குத் தேவனிடத்தில் எதையும் எதிர்பார்க்கத் தேவையில்லை என்று ஆகிவிடும். அது கேட்பதற்குப் பக்தியாக இருந்தாலும், உள்ளே அவநம்பிக்கைதான். "நீங்கள் ஜெபம்பண்ணும்போது எவைகளைக் கேட்டுக்கொள்ளுவீர்களோ, அவைகளைப் பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசியுங்கள்" என்று மாற்கு 11:24-இல் சொன்னவர் ஆண்டவரே அல்லவா? ஆபிரகாம் எழுபத்தைந்து வயதில் அழைப்பைப் பெற்று, நூறு வயதில் ஈசாக்கைக் கையில் வாங்கினான். அவனுக்குக் கிடைத்தது அழுகிற, பால் குடிக்கிற ஒரு பிள்ளை. பரலோகத்தைப் பற்றிய ஓர் ஆறுதல் வார்த்தை அன்று. சகோதரியின் தம்பிக்காக நான் உபவாசித்து ஜெபிப்பேன். அந்த மனிதர் தம்பியின் முன்னால் அப்படிப் பேசியது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்காக எதிர்பார்ப்பதையே விட்டுவிடக் கூடாது.

ஓலைச்சுவடி:

நண்பர்களே, நான் பல ஆண்டுகள் பழைய ஏற்பாடு கற்பித்து ஓய்வு பெற்றவன். சகோதரி எடுத்த வசனம் எந்த நிலத்தில் வேரூன்றியது என்பதை முதலில் பார்ப்பது நல்லது. அட்டையில் ஒரு வசனம்தான் அச்சிட முடியும். அதனால் நேரும் இழப்பு சிறிதன்று.

எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து சிறைபிடித்துப் பாபிலோனுக்குக் கொண்டுபோனவர்களுக்கு எழுதப்பட்டது. பதினோராம் வசனத்திற்கு முந்திய வசனத்தில் எழுபது வருஷம் என்ற கணக்கு இருக்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கியபோது முப்பது வயதாயிருந்த ஒருவன், தான் ஊர் திரும்பப் போவதில்லை என்பதை அந்தக் கணக்கிலிருந்தே புரிந்துகொண்டிருப்பான். ஐந்தாம் வசனத்தைப் பாருங்கள்: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறது. ஏழாம் வசனம் இன்னும் கடினமானது. சிறைபிடித்துப் போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம்பண்ணச் சொல்கிறது. இத்தனைக்கும் பிறகுதான் நம் அட்டை வசனம் வருகிறது. அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் அறிவித்தான். பாபிலோனுக்குப் பணிவதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தையும் எடுத்து உடைத்தான். இனிமையான செய்தி, குறுகிய கெடு, கூட்டத்தின் கைதட்டல் எல்லாம் அவன் பக்கம் இருந்தன. வேதம் அவனைப் பொய்த் தீர்க்கதரிசி என்கிறது. வீட்டுக்கு வந்து கெடு வைத்துப் பேசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அனனியாவின் நினைவு வருகிறது. இது கொஞ்சம் கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒத்திவைக்கிறோம் என்று சொன்ன சகோதரருக்கு நான் காட்ட விரும்புவது அதே புத்தகத்தின் 32-ஆம் அதிகாரம். சிதேக்கியா ராஜாவின் பத்தாம் வருஷம், அதாவது கி.மு. 587 வாக்கில், பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அவருடைய தந்தைவழி உறவினனான அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஊர். சுற்றிலும் பகைவனின் சேனை. சந்தை மதிப்பு என்று ஒன்றுமே இல்லாத நிலத்தை எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். வெள்ளியைத் தராசில் நிறுக்கிறார், கிரயப்பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார், சாட்சிகளும் போடுகிறார்கள். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் நெடுநாள் கெடாமல் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்குமாறு தம் எழுத்தரான பாருக்கிடம் கொடுக்கிறார். நம் ஊர்ப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஒரு முற்பகலைக் கழித்த எவருக்கும் இந்த விவரங்களின் அழுத்தம் புரியும்.

பத்திரம் எழுதி முடித்த பிறகுதான் அவர் ஜெபிக்கிறார். நம் வீட்டு நாட்காட்டிகளில் அடிக்கடி காணும் "உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை" என்ற வசனம் அந்த ஜெபத்தின் தொடக்கம். அதன் முடிவையோ எந்த நாட்காட்டியிலும் நான் பார்த்ததில்லை: நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் கொடுக்கப்படும் வேளையில் நீர் என்னை நிலம் வாங்கச் சொல்கிறீரே என்று முறையிட்டு நிற்கிறது அது. நம்பினார், செயல்பட்டார், பிறகும் புரியாமல் கேட்டார். இவை மூன்றும் ஒரே மனிதனிடத்தில் இருந்தன.

அட்வெந்தின் முதல் ஞாயிறுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் பழைய ஏற்பாட்டு வாசகம் இதற்கு அடுத்த அதிகாரத்திலிருந்தே எடுக்கப்பட்டது: "தாவீதுக்கு நீதியின் கிளையை முளைக்கப்பண்ணுவேன்" என்னும் எரேமியா 33:14-16. அந்த வார்த்தை வந்தபோதும் எரேமியா இன்னும் அதே முற்றத்தில் அடைபட்டிருந்தார் என்று அந்த அதிகாரத்தின் முதல் வசனம் சொல்கிறது.

திண்ணைவாசி:

நான் கிறிஸ்தவன் அல்லன். இந்தக் களத்தில் வாசகனாக மட்டும் இருப்பவன். ஓலைச்சுவடி ஐயாவிடம் ஒரு கேள்வி. அந்த நிலம் எரேமியாவுக்குக் கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றால், ஒருவருக்குச் சொன்ன வாக்கை வேறு ஒருவருக்கு நிறைவேற்றிவிட்டு, நான் வாக்குமாறாதவன் என்று எப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்? இதைச் சீண்டுவதற்காகக் கேட்கவில்லை. அந்தச் சகோதரியின் கேள்வியும் அடிப்படையில் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓலைச்சுவடி:

கூர்மையான கேள்வி, நண்பரே. அந்த நிலத்தை எரேமியா அனுபவித்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. எருசலேம் விழுந்தபின், மீந்திருந்தவர்கள் அவரையும் இழுத்துக்கொண்டு எகிப்துக்குப் போனார்கள். ஆனால் எஸ்றா 2-இல், பாபிலோனிலிருந்து திரும்பியவர்களின் நீண்ட பெயர்ப்பட்டியலில், யாரும் கவனிக்காமல் தாண்டிப்போகிற ஒரு வரி உண்டு: ஆனதோத்தின் மனிதர் 128 பேர். அந்த ஊரில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்குவோர் வந்தார்கள்.

அந்த 128 பேருக்குக் கிடைத்தது எரேமியாவுக்குக் கிடைத்ததாகாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆபிரகாமின் காரியத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. ஈசாக்கு கிடைத்தான் என்று அக்கினிச்சுடர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் கானான் தேசம் முழுவதையும் தருவேன் என்ற வாக்கு என்ன ஆயிற்று? சாராள் இறந்தபோது அவளை அடக்கம்பண்ண ஓர் இடத்துக்காக, தனக்கென்று வாக்களிக்கப்பட்ட தேசத்திலேயே நிலத்துக்குச் சொந்தக்காரனான எப்பெரோனிடம் நானூறு சேக்கல் நிறுத்துக்கொடுத்து, மக்பேலா நிலத்தை அவன் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. எபிரெயர் 11 இதை மூடிமறைக்கவில்லை. இவர்களெல்லாரும் வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே அவைகளைக் கண்டு, விசுவாசத்தோடே மரித்தார்கள் என்று நேராகவே எழுதுகிறது.

இங்கே கிறிஸ்தவ விசுவாசம் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். மரித்தவர்கள் மரித்தவர்களாகவே இருப்பார்கள் என்றால் உங்கள் குற்றச்சாட்டு நிற்கும். தேவன் ஆபிரகாமுக்கு வாக்குமாறினார் என்றே சொல்ல வேண்டும். உயிர்த்தெழுதல் இல்லை என்று சாதித்த சதுசேயரிடம் இயேசு எடுத்த வாதமும் இந்த இடத்தில்தான் ஊன்றியிருக்கிறது. "நான் ஆபிரகாமின் தேவன்" என்று சொன்னவர் மரித்தோருக்குத் தேவனாயிராமல் ஜீவனுள்ளோருக்குத் தேவனாயிருக்கிறார் என்றார் அவர். ஆகையால்தான் அட்வெந்து இரண்டு வருகைகளையும் சேர்த்தே பேசுகிறது. முதல் வருகையை மட்டும் நினைவுகூர்ந்தால், வாக்குத்தத்தம் என்பது முன்னோருக்கு நடந்த ஒரு நல்ல காரியத்தின் வரலாறு என்ற அளவில் நின்றுவிடும். அவர் மறுபடியும் வருவார், மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்பதைச் சேர்க்கும்போதுதான் எரேமியாவுக்கும், பாபிலோனிலேயே கண்மூடிய அந்த முப்பது வயதுக்காரனுக்கும் அந்தக் கடிதம் உண்மையாகிறது. உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை என்று தெரியும். எங்கள் விசுவாசத்தின் பாரம் முழுவதும் எந்தத் தூணின் மேல் நிற்கிறது என்பதையாவது நேர்மையாகக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

திண்ணைவாசி:

நேரான பதிலுக்கு நன்றி ஐயா. நான் ஏற்கவில்லை; ஆனால் எதை ஏற்கவில்லை என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

மறைக்கல்வி ஆசிரியர்:

விசுவாசக் குறை என்று அந்த மனிதர் சொன்னதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசவில்லை. நான் முன்பு சொன்ன மூன்றாம் ஞாயிறு, வழிபாட்டில் மகிழ்ச்சியின் ஞாயிறு. ஊதாவுக்குப் பதிலாக ரோஜா நிற உடை அணியலாம். அந்த ஞாயிறுக்கு, மத்தேயு வாசிக்கப்படும் ஆண்டில் வரும் நற்செய்தி எது தெரியுமா? சிறையில் கிடக்கிற யோவான், "வரவிருப்பவர் நீர்தாமா? அல்லது வேறு ஒருவரை எதிர்பார்க்க வேண்டுமா?" என்று கேட்டனுப்பும் பகுதி. யோர்தான் கரையில் நின்று அவரைச் சுட்டிக்காட்டியவரே இப்படிக் கேட்கிறார்.

இயேசுவின் பதிலைக் கவனமாகப் படியுங்கள். பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள், தொழுநோயாளர் நலமடைகிறார்கள், காது கேளாதோர் கேட்கிறார்கள், இறந்தோர் எழுகிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது. இவை எசாயாவின் சொற்களை எதிரொலிப்பவை. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு வாசித்த எசாயா 61-இல் சிறைப்பட்டோரின் விடுதலையும் இருக்கிறது. யோவானுக்கு அனுப்பிய பதிலில் அது மட்டும் இல்லை. சிறையில் இருப்பவருக்குச் சிறையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லப்படவில்லை. அந்த இடைவெளி யோவானின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று ஆண்டுதோறும் நினைத்துப் பார்க்கிறேன். சாக்கடலுக்குக் கிழக்கே இருந்த மக்கேரு கோட்டையில் அவர் கொல்லப்பட்டதாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியிருக்கிறார்.

ஆனால் சீடர்கள் திரும்பிப் போனதும் இயேசு கூட்டத்தைப் பார்த்து என்ன சொன்னார்? மனிதராய்ப் பிறந்தவர்களுள் யோவானைவிடப் பெரியவர் தோன்றியதில்லை என்றார். கேள்வி கேட்ட அதே நாளில், விடுதலை கிடைக்காத அதே யோவானைப் பற்றிச் சொன்ன வார்த்தை அது. விசுவாசத்தில் குறை என்று அங்கே யாரும் தீர்ப்பு எழுதவில்லை. உங்கள் தம்பியிடம் இதை வாசித்துக் காட்டுங்கள் சகோதரி; விளக்கம் எதுவும் சேர்க்க வேண்டாம்.

அக்கினிச்சுடர்:

யோவானுக்கு அனுப்பிய பதிலில் அந்த ஒரு வரி இல்லை என்பதை நான் இதுவரை கவனித்ததில்லை. ஆனாலும் என் நிலையை முழுவதுமாக விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பதிலிலேயே குருடர் பார்த்தார்கள் அல்லவா? அவர்களுக்கு அது அன்றைக்கே, அந்தத் தெருவிலேயே நடந்தது. ஆகவே தம்பி குணமடைய வேண்டும் என்று உரிமையோடு கேட்பதை நான் நிறுத்த மாட்டேன். அது தவறென்று யாராவது சொன்னால், காரணம் சொல்லுங்கள்.

ஓலைச்சுவடி:

தவறே இல்லை, சகோதரரே. "கர்த்தராகிய இயேசுவே, வாரும்" என்பது வேதத்தின் கடைசி ஜெபம். வருகையைக் கேட்கிறவன் வருகையின் முன்ருசியையும் கேட்கத்தான் செய்வான். கேட்பதற்கும் கெடு விதிப்பதற்கும் இடையே ஒரு கோடு இருக்கிறது. அதை மீறாமல் உங்களைப் போல் உபவாசித்துக் கேட்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். அட்வெந்தை ஒழுங்காக அனுசரிக்கிற சபைகளில்தான், எதையும் எதிர்பார்க்காத ஒரு மரியாதையான சோர்வையும் அதிகமாகக் கண்டிருக்கிறேன்.

தாமிரபரணிக்கரை:

எல்லாருடைய பதிலையும் இரண்டு முறை வாசித்தேன். எஸ்றாவில் உள்ள அந்த 128 பேரை அம்மாவுக்குக் காட்டினேன். "அப்போ எரேமியா ஏன் வாங்குனாரு?" என்று அம்மா கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

யோவானின் பகுதியைத் தம்பி, டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தபடியே, செல்போனில் தானாகவே வாசித்தான். "யோவானுக்கும் கேட்கத் தோணியிருக்கே" என்று மட்டும் சொன்னான். அவன் முகத்தில் சில மாதங்களாக இருந்த ஓர் இறுக்கம் சற்றுத் தளர்ந்ததாக எனக்குத் தோன்றியது. என் ஆசைக்கு அப்படித் தெரிந்திருக்கவும் கூடும்.

இனி நடைமுறையாக ஒன்று கேட்கிறேன். மீதியிருக்கும் அட்வெந்து வாரங்களில் எங்கள் குடும்பம் என்ன செய்யலாம்? மெழுகுவர்த்தி வளையம் வைக்கலாம் என்று வாலிபர் சங்கத்தில் சொல்கிறார்கள்.

மறைக்கல்வி ஆசிரியர்:

தாராளமாக வையுங்கள். 1839-இல் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்தை நடத்திய லுத்தரன் போதகர் விக்கெர்ன், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நாள்தோறும் கேட்டுத் துளைத்த பிள்ளைகளுக்காக, ஒரு வண்டிச் சக்கரத்தின் மேல் மெழுகுவர்த்திகளை நிறுத்திய வழக்கம் அது. எங்கள் சபைக்கு அது உங்களிடமிருந்து வந்த பரிசுதான்.

ஓலைச்சுவடி:

அம்மாவின் கேள்விக்கு என்னால் முடிந்த பதில்: வாங்கச் சொன்னவரை எரேமியா அறிந்திருந்தார். அந்த நிலத்தில் தாம் எதை அறுவடை செய்வோம் என்பதை அறிந்திருக்கவில்லை. இரண்டாவது தெரியாமலேயே பதினேழு சேக்கலை நிறுத்துக்கொடுக்க முதலாவது போதுமானதாக இருந்தது.

நடைமுறை என்று கேட்டதால் சொல்கிறேன். வளையம் வைப்பதைவிடச் செலவு பிடிக்கிற காரியம் இது. உங்கள் சபையில் எத்தனை பேர் உடல் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். கீதபவனிக் காணிக்கையில் ஒரு பங்கை, உங்கள் தம்பியோடு அதே வார்டில் நாற்காலிக்காகக் காத்திருக்கிற, சபைக்கு வெளியே உள்ளவர்களின் போக்குவரத்துக்குக் கொடுக்க முடியுமா என்று கமிட்டியில் கேளுங்கள். பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று சொன்ன ஏழாம் வசனமும் உங்கள் அட்டை வசனத்தோடு ஒரே கடிதத்தில்தான் இருக்கிறது.

அக்கினிச்சுடர்:

உயிர்த்தெழுதலில் சரீரம் முழுமையாக எழ வேண்டுமே என்று எங்கள் சபையில் சிலர் உறுப்பு தானத்துக்குத் தயங்குகிறார்கள். மண்ணோடு மண்ணாய்ப் போன ஆபிரகாமையே எழுப்புகிறவருக்கு ஒரு சிறுநீரகம் தடையாக இருக்காது என்று அவர்களுக்குச் சொல்லலாம் என்றிருக்கிறேன். இதற்கு வேதத்திலிருந்து வேறு ஆதாரங்கள் இருந்தால், ஓலைச்சுவடி ஐயா தனி இழையாகத் தொடங்கினால் நல்லது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு முன்னால் எனக்கு அது தேவைப்படும்.